கடைசி வீட்டுச் சிவப்புத் துண்டு

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீயும் கொழுந்தனாரும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். மாமா பேச்சை எடுத்தாலே, "அடுப்புல பால் இருக்குக்கா" என்று வைத்துவிடுகிறாய். ஒன்பது வருஷமாக உன் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டே இருக்கிறது. கடிதத்தைக் கிழித்துப் போடலாம், ஆனால் அதற்கும் முதலில் பிரித்தாக வேண்டும். பாதியாவது படிப்பாய் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

வசந்தம் முடியப் போகிறது. வெயில் இந்த வருஷம் அவசரப்பட்டு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாயிற்று, தெருவில் நடந்தால் முன்னாலும் பின்னாலும் சைக்கிள்தான். கிளினிக்கின் பழைய நர்ஸ் வேலையை விட்டு மகளோடு போய்விட்டாள். புதிதாக வந்தவள் ஊசி போடுவதற்கு முன்பே முகத்தைச் சுளிக்கிறாள், நமக்கு வலிப்பதைவிட அவளுக்கு அதிகம் வலிக்கும்போல. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. இவர் குறட்டையும் அப்படியேதான்.

நீர்த்தொட்டியில் பாதிதான் இருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், தெருவுக்கு ஒரு மணி நேரம் என்று விடுகிறார்கள். மாமா ஓய்வு பெற்ற பிறகு அந்த வால்வு திறக்கும் வேலை இவருக்கு வந்தது உனக்குத் தெரியும். இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போய்த் திறந்து மூடிவிட்டு வருகிறார். எந்தத் தெருவுக்குப் போனாலும் ஏச்சுத்தான். குழாயில் வராத தண்ணீருக்கெல்லாம் இவர்தான் ஜவாப்தாரி.

இனி மாமா விஷயம். தயவு செய்து மடித்து வைத்துவிடாதே.

அவருக்கு நினைவு போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. போன வாரம் என்னைப் பார்த்து, "நீ யாரும்மா, யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். உங்கள் மூத்த மருமகள்தான் என்றேன். "அப்படியா? நல்லா சமைக்கிறியேம்மா" என்றார். இந்த வீட்டுக்கு வந்து இருபத்து மூன்று வருஷத்தில் அந்த மனிதர் என் சமையலைப் புகழ்ந்தது அன்றுதான், அதுவும் ஆள் தெரியாமல். சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். அடுக்களையில் நின்று அழுதேன்.

ஆனால் எந்த வால்வுக்கு எத்தனை சுற்று என்பது மட்டும் அவருக்கு மறக்கவில்லை. பள்ளிக்கூடத் தெரு பதினெட்டு. கிளினிக் தெரு பதினாலு. நீங்கள் இருந்த மேட்டுத் தெரு இருபத்திரண்டு. தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறார்.

போன மாதம் ஒரு நாள் விடிந்து பார்த்தால் அவர் படுக்கையில் இல்லை. சாவியும் இல்லை. இவர் ஓட, நான் நொண்டிக்கொண்டே பின்னால் ஓட, கடைசியில் மேட்டுத் தெரு முனையில் கண்டுபிடித்தோம். அன்றைக்கு அந்தத் தெருவின் முறை இல்லை. இருபத்திரண்டு சுற்றும் திறந்துவிட்டு, சாவியைப் பிடித்தபடி மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இவர் மூடப் போனபோது, "மூடாதடா, கடைசி வீட்டுக்கு இன்னும் ஏறல" என்றார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் சாவியை வாங்க வேண்டியிருந்தது. அப்போது மாமா அழுதார். அவர் அழுது நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை.

அதிலிருந்து ஐந்து தடவை ஆகிவிட்டது. கடைசித் தடவை கிளினிக்குக்கு அரை நாள் தண்ணீர் போகவில்லை. இன்ஜினியர் இவரைக் கூப்பிட்டு, இன்னொரு தரம் நடந்தால் வேலையில் வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. சாவியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துப் பார்த்தோம், தேடி எடுத்துவிடுகிறார். போன சனிக்கிழமை இவர் ஒரு பூட்டு வாங்கி வந்தார், மாமாவின் அறைக்கு வெளியிலிருந்து போட. வாங்கி வந்தாரே தவிரப் போட மனசு வரவில்லை. பூட்டு ஜன்னலில் இருக்கிறது. நாங்கள் இருவரும் அதைப் பார்க்காத மாதிரி நடமாடிக்கொண்டிருக்கிறோம்.

அவர் யாருக்காகத் திறக்கிறார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். ஒன்பது வருஷமாக நம் இருவரில் யாரும் வாய் திறந்து சொல்லாதது இது.

மேட்டுத் தெருவில் கடைசி வீடு உன்னுடையது. தண்ணீர் அங்கே ஏறி, பாத்திரம் நிறைந்ததும் நீ வாசலுக்கு வந்து சிவப்புத் துண்டைக் காட்டுவாய், அதைப் பார்த்துத்தான் மாமா வால்வை மூடுவார். அந்தத் தெருவுக்கு அதுதான் கணக்கு, கடிகாரம் இல்லை. அந்த வருஷ வசந்தத்தில் தொட்டி அடி தெரிகிற அளவுக்கு வற்றியபோதுதான் தெருவுக்கு அரை மணி என்று வந்தது. உனக்கு ஆறாவது மாதம். பத்து நிமிஷம் கூட விடுங்கள் மாமா என்று கேட்டாய். "ஊருக்கு ஒண்ணு, என் வீட்டுக்கு ஒண்ணுன்னு என்னால செய்ய முடியாது" என்றார். நீ துண்டைக் காட்டவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து மூடினார். நீ பம்ப் ஹவுஸிலிருந்து இரண்டு வாளி தூக்கிக்கொண்டு மேடேறினாய். மறுநாள் குழந்தை தங்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். நீ நம்பவில்லை, நானும் நம்பவில்லை. மாமாவும் நம்பவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நீ வாளியோடு என் வாசலைத் தாண்டிப் போனபோது நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். என் வீட்டில் இரண்டு டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது. நாளைக்கு வருமோ வராதோ என்று கணக்குப் போட்டுக்கொண்டு உன்னைக் கூப்பிடாமல் இருந்துவிட்டேன். எல்லோரும் மாமாவைச் சொன்னார்கள். அவரும் வாயைத் திறக்கவில்லை. நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன், அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை அந்தத் தெருவின் முறை. திறக்கிற நேரத்துக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு போனோம். வீட்டைக் காலி செய்தபோது நீ விட்டுப்போன அந்தத் துண்டு என்னிடம்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு, இந்த முழங்காலோடு மேடேறினேன். இப்போது அங்கே குடியிருப்பவர்களிடம் சொல்லிவிட்டு, உன் வாசலில் நின்று தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். கீழே அவர் கையை நெற்றியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இல்லையென்று தலையை ஆட்டினார். நான் இறங்கி வந்ததும், "நீ இல்லம்மா. சின்னவ காட்டணும்" என்றார்.

என்னை மறந்துவிட்டார். பெற்ற மகனைச் சில நாள் தண்ணீர் ஆபீஸ் ஆள் என்கிறார். உன்னை வைத்திருக்கிறார். எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாது, டாக்டரும் சொல்லவில்லை. அதற்குள் அந்தப் பூட்டு ஜன்னலிலிருந்து கதவுக்குப் போய்விடக் கூடாது.

மன்னித்துவிடு என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை, அவருக்கு இப்போது கேட்கவே தெரியாது. அவரோடு பேச வேண்டாம். கிட்டே வர வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிடக்கூட வேண்டாம். உன் வாசலில் நின்று ஒரு தடவை துண்டைக் காட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விடு. அவர் மூடிவிட்டு வீட்டுக்கு வரட்டும்.

துண்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். இரண்டு டிரம்மும் நிரப்பி வைத்திருக்கிறேன்.

உன் மகள் போட்டோவில் உன்னை உரித்து வைத்த மாதிரி இருக்கிறாள். அவள் நூறு வருஷம் இருக்க வேண்டும். உன் வீட்டில் எந்தப் பாத்திரமும் ஒரு நாளும் காலியாக இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
அன்று ஜன்னலில் நின்ற
உன் அக்கா