கை ஓங்காத அந்தக் காலை

என்னங்க,

இன்று காலை கருவாடு வாங்கப் போனவள் துறைமுகத்துப் பக்கமாகத் திரும்பிவிட்டேன். சரக்கேற்றி வந்த ஒரு தொங்கான் படகிலிருந்து கொப்பரைத் தேங்காய் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மழையில் நனைந்த கொப்பரையின் காறல் வாடை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. வேலை முடிந்து நீங்கள் வரும்போது உங்களுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழையும் வாடை அது. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் உங்கள் தோளை விட்டுப் போனதில்லை. கருவாடு வாங்காமலே வந்துவிட்டேன். உங்கள் தம்பி மனைவி செசிலி என் வெறுங்கையைப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள். உங்களோடு பேச எனக்கு வேறு வழியில்லை. கன்னியர் மடத்தில் அநாதைப் பிள்ளையாக இருந்தபோது கற்ற எழுத்து ஒன்றுதான் கையில் இருக்கிறது.

சுவாமியார் பேசி முடித்த கல்யாணம் நம்முடையது. மூட்டை தூக்கும் கூட்டத்துக்குத் தலைவர், ஞாயிறு பூசை தவறாதவர் என்றுதான் சொன்னார்கள். உங்கள் கோபத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. சோறு குழைந்தால் தட்டு பறக்கும். யாராவது எதிர்த்துப் பேசினால் கை ஓங்கிவிடும். என்னை நீங்கள் அடித்ததில்லை. ஆனால் நீங்கள் உதைத்த கதவுக்குப் பக்கத்தில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு அந்தக் கெட்ட காலம் வந்தது. ரப்பர் விலை விழுந்தது, ஈய விலை விழுந்தது, கப்பல்கள் குறைந்தன. தோட்டங்களில் சீட்டுக் கிழிக்கப்பட்டு வேலை இழந்தவர்கள் ஊருக்குப் போகும் கப்பலுக்காகத் தெரு ஓரங்களில் மூட்டை முடிச்சோடு கிடந்தார்கள். துறைமுகத்தில் நம் கூட்டம் ஒன்று, காதர் பாய் கூட்டம் ஒன்று. முன்பு இருவருக்கும் வேலை இருந்தது. இப்போது யார் முந்திப் போய்த் தொங்கானில் கால் வைக்கிறார்களோ அவர்கள் வீட்டில்தான் அன்றைக்கு உலை. காலையில் வெறும் சட்டியைப் பார்த்துவிட்டு நீங்கள் ஒன்றும் பேசாமல் போவீர்கள். நீங்கள் கத்திய நாட்களைவிட அந்த நாட்களில்தான் நான் அதிகமாகப் பயந்தேன்.

அந்த வாரம் வந்த ஒரே தொங்கானுக்காகத்தான் அடிதடி மூண்டது. உங்கள் தம்பி அந்தோணி கரைச் சுவருக்கும் தொங்கானுக்கும் நடுவே விழுந்தான். அலை தொங்கானைத் தூக்கிச் சுவரில் மோதியது. காதர் பாய் ஆள் வீரய்யா தள்ளிவிட்டான் என்று நம் ஆட்கள் எல்லாரும் சொன்னார்கள். போலீஸ் வந்தது, கால் தவறி விழுந்ததாக எழுதிக்கொண்டு போனது. செசிலிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் அழவில்லை. உங்கள் முன்னால் வந்து நின்று, "அத்தான், இதுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை நம் வாசல் நிறைய ஆட்கள். "அண்ணே, ஒரு வார்த்தை சொல்லுங்க. அவனுங்க குடிசையெல்லாம் கொளுத்திட்டு வந்துர்றோம்." மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கியை எடுக்க நீங்கள் உள்ளே வந்தீர்கள். எடுத்தீர்கள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"பயமா இருக்கு புள்ள."

"யாரப் பாத்து?"

"எல்லாரையும். அவனுங்கள, நம்ம ஆளுங்கள, செசிலிய. சின்ன வயசுல இருந்தே எனக்கு இப்படித்தான். பயம் வந்தா கை ஓங்கிடும். ஓங்கிட்டா பயம் தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்தினீர்கள். "மொதல்ல அடிச்சது அந்தோணிதான். கம்பால வீரய்யா கால ஒடச்சுட்டான். நான் பாத்தேன். அந்த வலியிலதான் அவன் தள்ளுனான்."

சுவரில் மாட்டியிருந்த, சேசு சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம் கண்ணில் பட்டது. "அவரும் பயந்தாருதானே?" என்றேன். "சாகுறதுக்கு முந்தின ராத்திரி ரத்தமா வேர்த்துச்சு. இருந்தும், பிடிக்க வந்தவங்கள வெட்டக் கூட இருந்தவன் கத்திய எடுத்தப்ப வேணாம்னுட்டாரு."

நீங்கள் முழங்காலில் நின்றீர்கள். செபம் எதுவும் சொல்லவில்லை. ஏங்கி ஏங்கி அழுதீர்கள். கல்யாணமாகி அதுவரை உங்கள் கண்ணில் தண்ணீர் பார்த்ததில்லை நான்.

வெளியே போய் நீங்கள் அந்த உண்மையைச் சொன்னபோது ஒருவன் உங்கள் காலடியில் துப்பினான். "செத்தவன் மேலயே பழியப் போடுறியா?" என்றான். செசிலி இரண்டு கையாலும் மண்ணை அள்ளி உங்கள் முகத்தில் இறைத்தாள். நீங்கள் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "நீயும் வா புள்ள. தனியாப் போனா பாதியில திரும்பிடுவேன்" என்று என்னைக் கூப்பிட்டீர்கள்.

கடலோரத்தில் காதர் பாய் ஆட்கள் தங்கள் குடிசைகளின் முன்னால் கம்போடு நின்றார்கள். நாம் வெறுங்கையோடு வருவதைப் பார்த்தும் யாரும் கம்பைத் தாழ்த்தவில்லை. காதர் பாய் முன்னால் வந்தார்.

"எதுக்கு வந்தே?"

"பயந்துதான் வந்தேன் பாய். மொதல்ல கை வச்சது என் தம்பி. வீரய்யாவப் பாக்கணும்."

சொல்லி முடிக்கவில்லை, வீரய்யாவின் அண்ணன் உங்கள் கன்னத்தில் அறைந்தான். அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. உங்கள் வலது கை மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. நான் சேசுவே சேசுவே என்று முனகினேன். கை மேலே போகவில்லை. காதர் பாய் அவனைப் பிடித்து இழுத்து, "விடு. வெறுங்கையோட வந்தவன அடிக்கிறது நமக்கு ஹராம், பெரிய பாவம்" என்றார்.

வீரய்யா பாயில் கிடந்தான். கால் வீங்கிக் கறுத்திருந்தது. உங்களைக் கண்டதும் சுவரோடு ஒண்டிக்கொண்டான். அவனும் பயந்திருந்தான். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பார்த்தீர்கள். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும் பாய். நான் ஒரு பக்கம் தூக்குறேன்" என்றீர்கள். தம்பியைப் புதைத்த மறுநாள் அவனைத் தள்ளியவனையே தோளில் தாங்கி நடந்தீர்கள். அதைச் செய்தது நீங்கள் அல்ல, உங்களுக்குள் வேறு யாரோ என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரி வாசலில் வைத்துத்தான் அந்தப் பேச்சை எடுத்தீர்கள். எந்தத் தொங்கான் வந்தாலும் இரண்டு கூட்டத்திலும் பாதிப் பாதி ஆள் இறங்கட்டும், கூலியில் கிடைக்கும் அரிசியை ஒரே பானையில் போடுவோம் என்று.

"எல்லாருக்கும் அரை வயிறுதான் ரொம்பும், தெரியும்லா?" என்றார் காதர் பாய்.

"தெரியும் பாய். அரை வயிறோட உயிரு இருக்கும்."

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நம் ஆட்களில் பாதிப் பேர் நம் வாசலை மிதிக்கவில்லை. பூசையில் நமக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. பிறகு பசிதான் அவர்களை ஒவ்வொருவராகக் கொண்டு வந்தது. தொங்கானே வராத நாட்களில் பானையில் தண்ணீர்தான் அதிகம். இரண்டு கைக்குழந்தைகளை நாம் காப்பாற்ற முடியவில்லை. பல குடும்பங்கள் கப்பலேறிப் போயின. ஆனால் அந்தக் கரையில் அதன் பிறகு ஒரு மனிதன் இன்னொரு மனிதன் கையால் சாகவில்லை. ஒரு நாள் செசிலி பசி தாங்காமல் அந்தப் பொதுப் பானைக்கு வந்தாள். அன்று கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தது வீரய்யாவின் மனைவி. முகத்தைப் பார்க்காமல் கிண்ணத்தை நீட்டினாள் செசிலி. முகத்தைப் பார்க்காமலே அவளும் ஊற்றினாள். கண்ணீர் மட்டும் இருவருக்கும்.

உங்கள் கோபம் ஒரே நாளில் போய்விடவும் இல்லை. தட்டைத் தூக்குவீர்கள், அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே போவீர்கள். திரும்பி வந்து, "பயந்துட்டேன் புள்ள, வேற ஒண்ணுமில்ல" என்பீர்கள். அந்த ஒரு சொல்லுக்காக நான் உங்களோடு எத்தனை பட்டினி வேண்டுமானாலும் கிடந்திருப்பேன்.

கடைசியில் உங்களைக் கொண்டுபோனது நெஞ்சுச் சளி. வேலை மறுபடி கூடி, துறைமுகம் மூச்சு விட ஆரம்பித்த நேரத்தில் உங்களுக்கு மூச்சு நின்றது. அது ஏன் என்று சர்வேசுரனிடம் கேட்காமல் இன்னும் என்னால் இருக்க முடியவில்லை. உங்கள் சவப்பெட்டியின் முன்பக்கத்தைக் காதர் பாயும் உங்கள் காலடியில் துப்பியவனும் தூக்கினார்கள். வீரய்யா கம்பு ஊன்றி நொண்டிக்கொண்டே கல்லறை வரைக்கும் வந்தான்.

இப்போது நானும் செசிலியும் துணி தைத்துப் பிழைக்கிறோம். எனக்குப் பயம் போகவில்லை. வேலை நிற்குமோ, வியாதி வருமோ, நான் போனால் இவள் கதி என்ன என்று நெஞ்சு அடித்துக்கொண்டேதான் இருக்கிறது. தினமும் மாலையில் செபமாலை சொல்லி முடித்ததும் பெயர்களைச் சொல்லி வேண்டிக்கொள்கிறேன். உங்கள் பெயர், அந்தோணி பெயர், பிறகு வீரய்யா பெயர். அந்த மூன்றாவது பெயரில் என் நாக்கு ஒவ்வொரு நாளும் தடுக்குகிறது. மனசு வராத நாளிலும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயர் வரும் நேரத்தில் செசிலி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். நான் தடுத்ததில்லை.

நேற்று அவள் எழுந்து போகவில்லை.