நம் கதையைச் சொல்ல அனுமதி

ராஜகீழ்ப்பாக்கம்,
12.7.1996

அன்புள்ள வேதவல்லிக்கு,

உன் கணவன் துரைராஜ், ஓர் அனுமதி வேண்டி எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

மணமானவர்கள் தம் படுக்கையறை அனுபவங்களைக் கூச்சமின்றி மேடையில் சொல்லும் நிகழ்ச்சியை நான் இங்கே நடத்துவது உனக்குத் தெரியும். துணையின் சம்மதம் இல்லாமல் எவரும் பேசக்கூடாது என்பது என் விதி. நேற்று பேசிய தையல்நாயகி, தமக்கு நாற்பது வயதில்தான் இன்பம் தெரிந்தது என்றதும் கூட்டம் கைதட்டியது.

இறங்கும்போது அவர், "எல்லார் கதையும் கேட்டுகினு கீறீங்களே சார், உங்க கதை இன்னா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கூச்சமோ கோபமோ வரவில்லை, மரத்துப்போய் நின்றேன்.

நம் கதையைச் சொல்ல அனுமதி கேட்கவே எழுத உட்கார்ந்தேன். ஆனால் உனக்கு என்னோடு இன்பமாக இருந்ததா என்பதே எனக்குத் தெரியவில்லை.

கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்து வை. இங்கே சோறு இறங்கவில்லை.

பதில் எழுதாதே. அடுத்த வாரச் சனிக்கிழமை நிகழ்ச்சியை ரத்து செய்துவிட்டு, நேரில் வந்து உன்னிடம் கேட்கிறேன்.

துரைராஜ்