டிக்கெட்டின் முதுகில் அப்பா பெயர்

ஜூன் 2, திங்கள்

இன்று பள்ளிக்கூடம் திறந்தார்கள். காலையில் கடைக்கு முன்னால் புதுக் குடைகளாகப் போயின. நான் தலையைக் குனிந்துகொண்டு லாட்டரி டிக்கெட்டுகளைக் கிளிப்பில் மாட்டிக்கொண்டிருந்தேன். கூடப் படித்த நந்தனா எதிரே பஸ்ஸுக்கு நின்றாள். பார்த்தாளா, தெரியாது. நான் அவளைப் பார்க்காதது மாதிரி இருந்தேன்.

பத்தாம் வகுப்பு பாதியில் அம்மாவுக்கு ஆபரேஷன். வீட்டுக்கு ஆள் வேண்டுமென்று நின்றேன். அம்மா எழுந்து நடந்த பிறகு திரும்பிப் போயிருக்கலாம். என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கம். வெட்கத்தால் படிப்பை விட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூன் 4, புதன்

மழை. ஆள் குறைவு. எழுத நேரம் இருக்கிறது.

ராஜன் அண்ணனின் லாட்டரிக் கடைக்கு நான் வேலைக்கு வந்து எட்டு மாதம். இது கேரளம், நூறு அடி நடந்தால் தமிழ்நாடு. அங்கே லாட்டரிக்குத் தடை. அதனால் அந்தப் பக்கத்து ஆட்கள் இங்கே வந்து வாங்குகிறார்கள். வாங்கியதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டப் பயம், போலீஸ் பிடித்தால் கேஸ். ஆகவே டிக்கெட்டின் பின்புறம் பெயர் எழுதி, கடையிலுள்ள பிஸ்கட் டின்னிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. மூன்று மணிக்குக் குலுக்கல். பரிசு விழாததை மாலையில் கடைக்குப் பின்னால் போட்டு எரிக்க வேண்டும். பெயர் எழுதுவதும் எரிப்பதும் என் வேலை. கையெழுத்து அழகாக இருந்ததால்தான் வேலைக்கு எடுத்தார்.

“பாதிப்பேரு போலீசுக்குப் பயந்து வைக்கிறான். மீதிப்பேரு பெண்டாட்டிக்குப் பயந்து வைக்கிறான்” என்று சிரிப்பார்.

இரண்டாவது வகையில் அப்பாவும் உண்டு. கொத்தனார் வேலைக்குப் போகும்போது காலையில் வந்து நிற்பார். நம்பரை என்னிடம் காட்டிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். நான் எழுதுவேன்: செல்லையன். என் இனிஷியலில் இருக்கிற பெயர்.

அம்மாவுக்குத் தெரியாது.

ஜூன் 6, வெள்ளி

புஷ்பபாய் மாமி கடைக்கே வந்துவிட்டார். எங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர். கையில் ஒரு மனு. சந்தைக் கிரவுண்டில் லாட்டரி வளாகம் கட்டப் பஞ்சாயத்து முடிவு செய்திருக்கிறதாம், முப்பது கடை. அது கூடாது என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்.

“ராஜா, நீயும் ஒரு ஒப்பு போடு.”

“என் கஞ்சியில நானே மண்ணள்ளிப் போடணுமா மாமி?”

“உன் ஒரு கடைய ஆரும் ஒண்ணும் சொல்லேல்ல. முப்பது கடையாக்கும் வரப்போவுது. மீன்காரிகள் எங்க போவாளுவ?”

“சர்க்கார் விக்குது, நான் விக்கியேன். அந்தக் காசுல ஏழைகளுக்கு ஆபரேஷன் நடக்கேல்லியா? இந்தக் கால வெச்சுக்கிட்டுப் போனப்ப எனக்கு ஆரு வேலை தந்தா, நீங்க தந்தீளா?”

அண்ணனுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப்போனது.  மாமி என் பக்கம் திரும்பினார்.

“பதினெட்டு வயசு ஆவாதவங்களுக்கு விக்கப்பிடாதுண்ணு போர்டு வெச்சிருக்க. விக்கியவளுக்கு எத்தன வயசு?”

நான் கீழே விழாத ரப்பர் பேண்டைத் தேடி மேசைக்கு அடியில் போய்விட்டேன்.

ஜூன் 11, புதன்

எழுதாமல் இருக்க முடியாது.

மதியம் ஓர் அக்கா வந்தார்கள். களியக்காவிளையைத் தாண்டி வீடாம். டிக்கெட் வாங்கவில்லை. “சுந்தரதாஸுண்ணு ஒரு ஆளு இஞ்ச வாறது உண்டா மக்கா? பெயின்டிங் வேலை. நெய்யாற்றின்கரையில வேலைண்ணு தினமும் போறாரு. சம்பளம் மட்டும் வீட்டுக்கு வரேல்ல.”

ராஜன் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். யார் கேட்டாலும் பெயர் சொல்லக் கூடாது என்பது கடைச் சட்டம். அந்தப் பெயர் என் முழங்கால் பக்கத்தில், டின்னில் இருந்தது. காலையில் நானே எழுதியது, ஏழு டிக்கெட்டில்.

“தெரியாது அக்கா” என்றேன்.

 “செரி மக்கா, உன்ன என்னத்துக்கு நான் சங்கடப்படுத்தணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வாயே திறக்காதவள் என்று என்னைச் சொல்லுவார்கள். திறந்தேன், பொய்க்கு.

ஜூன் 14, சனி

ஒரு விஷயம் இதுவரை எழுதவில்லை. அப்பாவின் டிக்கெட்டுகளை நான் எரிப்பதில்லை. முதல் வாரம் தீக்குச்சியை உரசின பிறகு அந்தப் பெயரைப் பார்த்தேன். கை வரவில்லை. எடுத்துத் துணிக்கடைக் கவரில் போட்டேன். அப்படியே வழக்கமாகிவிட்டது. இப்போது கவர் நிறைந்துவிட்டது. என் பழைய பள்ளிப்பையில் ஒளித்து வைத்திருக்கிறேன். இன்று எண்ணத் தொடங்கி, முந்நூறு தாண்டியதும் நிறுத்திவிட்டேன். விலையால் பெருக்கிப் பார்க்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

கையெழுத்துப் போட்டுவிட்டேன்!

மாமி வீட்டுக்கு வந்தார். அம்மா போட்டாள். நானும் பேனாவை வாங்கிப் போட்டேன். மாமி சந்தோஷமாகப் பார்த்துவிட்டு, “அய்யோ, உனக்கு ஓட்டு இல்லியே மோளே” என்று என் கையெழுத்தை அவரே அடித்துவிட்டார். வார்டு ஓட்டர்கள் மட்டும்தான் போடலாமாம்.

தைரியம் வருவதற்குள் இரண்டு வாரம். வந்தால் வயது போதாது.

ஜூன் 25, புதன்

வார்டு மெம்பர் ஷைலஜா பக்கத்தில் டீ குடித்துவிட்டு எங்கள் கடைக்கு வந்தார். மலையாளமும் தமிழும் கலந்து ராஜன் அண்ணனோடு பேச்சு. “வாங்கியது முழுக்கத் தமிழ்நாட்டுக்காரனாக்கும். நம்ம வார்டில ஒருத்தனுக்கும் ஒரு நஷ்டமும் இல்ல. காசு அங்கேருந்து இஞ்ச வருது, கொள்ளாமே, நல்லதுதானே! கிராமசபையில நான் இதத்தான் கேப்பேன். நம்ம வார்டில ஒரு ஆளக் காட்டட்டும் பாப்போம்.”

ராஜன் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. நம்ம வார்டுக் கட்டு மட்டும் டின்னில் பத்தொன்பது இருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

கவரை மாமியிடம் கொடுத்தால் என்ன? ஒன்றும் பேச வேண்டாம், மேசையில் வைத்தால் போதும். ஆனால் ஒவ்வொன்றின் முதுகிலும் பெயர். அதுவும் என் எழுத்தில். ஊர் முன்னால் அப்பாவை நானே—

கூடாது. அப்படியானால் சும்மா இருப்பதா? சந்தை போனால் போகட்டுமா? முப்பது கடை வந்தால் முப்பது டின் வரும். ஒவ்வொன்றிலும் பெயர் எழுத ஒரு பெண்ணை வைப்பார்கள்.

ஜூலை 3, வியாழன்

முடிவு செய்துவிட்டேன். ஊருக்குக் காட்ட மாட்டேன். அப்பாவுக்கு மட்டும்.

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனை முடிந்து அம்மா சங்கக் கூட்டத்துக்கு நின்றாள். வீட்டில் நானும் அப்பாவும். பள்ளிப்பையைக் கொண்டுவந்து, உள்ளேயிருந்த கவரைப் பாயில் கொட்டினேன். சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

அப்பா ஒன்றை எடுத்துத் திருப்பினார். இன்னொன்றை எடுத்துத் திருப்பினார்.

“இதெல்லாம் எரிச்சுருவீங்கண்ணுல்லா நெனச்சேன்.”

“உங்க பேரு இருக்குப்பா. எப்படி எரிப்பேன்?”

அவ்வளவுதான் பேசினோம். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கவரில் போட்டது அப்பாதான். கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கிடந்த ஒன்றையும் விடவில்லை. சாப்பிடாமல் வெளியே போய்விட்டார்.

ஜூலை 9, புதன்

மூன்று நாளாக அப்பா கடைக்கு வரவில்லை. என்னோடு பேச்சும் இல்லை. “அப்பனுக்கும் மோளுக்கும் என்ன?” என்று அம்மா கேட்கிறாள். தப்பு செய்துவிட்டேனோ?

ஜூலை 13, ஞாயிறு

கிராமசபை. பள்ளிக்கூட ஹாலில் இரண்டு மணிக்கு. எனக்கு உள்ளே இடம் இல்லை, வெளியே ஜன்னல் பக்கம் நின்றேன். அம்மாவும் மாமியும் முன் வரிசையில், மீன்காரிகள் அவர்களுக்குப் பின்னால். அப்பா வருவார் என்று நான் நினைக்கவில்லை. கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து நின்றார்.

என் பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். சுந்தரதாஸின் வீட்டுக்காரி. “எனக்கு ஓட்டு அந்தப் பக்கம். என்ன பேசுதாங்கண்ணு கேக்கலாம்ணு வந்தேன்” என்றார்கள்.

நான் சொல்லிவிட்டேன். “அக்கா, அவருக்கு எங்க கடையில கட்டு உண்டு. அண்ணைக்கு நான் பொய் சொன்னேன்.”

“தெரியும் மக்கா. உன் மூஞ்சியிலேயே எழுதியிருந்துது.”

உள்ளே மாமி மனுவைப் படித்தார். மெம்பர் எழுந்தார். கடையில் சொன்னதையே சொன்னார். “டிக்கெட்டு எடுக்கியது அக்கரைக்காரனாக்கும். வேலைவெட்டி இல்லாம, புத்தியில்லாம எடுக்கியான். நம்ம வார்டில டிக்கெட்டு எடுத்துக் கெட்டுப்போன ஒரு ஆளுண்டா? உண்டுண்ணா காட்டுங்க.”

ஆண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பத்தொன்பது பேரில் பன்னிரண்டு பேராவது அங்கே இருந்தார்கள். எனக்கு எண்ணத் தெரியும்.

அப்போது அப்பா குரல் கேட்டது. கோபமாக.

“வேலைவெட்டி இல்லாதவனுண்ணு ஆரச் சொல்லுதீங்க?”

எல்லோரும் திரும்பினார்கள்.

“இருபது வருஷமா நான் எடுக்கியேன். எனக்கு ஓட்டு இஞ்சயாக்கும். காலையில ஏழு மணிக்குக் கரண்டி எடுத்தா அஞ்சு மணிக்காக்கும் கீழ வைப்பேன். அம்பூரியில உங்க தம்பி வீட்டுக்குப் பூச்சு ஆரு பூசினது? நானாக்கும்!”

ஹாலில் ஒரே சிரிப்பு. மெம்பரும் சிரித்துவிட்டு, “செரி செல்லையா, அப்ப நீயே சொல்லு. எடுத்து என்ன கெட்டுப்போச்சு? நல்லாத்தானே இருக்க” என்றார்.

 அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் அங்கே இருப்பது தெரியும் என்று அப்போதுதான் புரிந்தது.

“எம்மவ பள்ளிக்கூடத்துப் பையில புஸ்தகம் இல்ல” என்றார். “டிக்கெட்டாக்கும் இருக்கு.”

அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அந்த முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

பின்னாலிருந்து ஒருவர், “எனக்கும் உண்டு” என்றார். யாரோ, “எலே, உனக்குமா!” என்றார்கள். மறுபடி சிரிப்பு. ஆனால் வேறு மாதிரி. கை தூக்கச் சொன்னபோது வளாகம் வேண்டாமென்று தூக்கியவர்கள் நூற்றுப்பதினாறு. வேண்டும் என்று முப்பத்தொன்பது. மெம்பர் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா முன்னால், அப்பா நடுவில், நான் பின்னால். மூன்று பேரும் மூன்று ஊருக்குப் போகிறவர்கள் மாதிரி.

ஜூலை 14, திங்கள்

ராஜன் அண்ணன் திட்டுவார் என்று நினைத்தேன். டிக்கெட்டுகளை எடுத்து வைத்தார், பேனாவை வைத்தார். “எழுது” என்றார்.

“விக்கியேன் அண்ணே. பேரு எழுத மாட்டேன்.”

“பேரு எழுதாம இந்தக் கடை இல்ல மோளே.”

“செரி அண்ணே.”

சாயங்காலம் வரை இருக்கச் சொன்னார். போகும்போது அந்தப் பேனாவை என்னிடமே தந்தார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கஷ்டம்.

ஜூலை 19, சனி

அம்மா இன்று அப்பாவுக்குச் சாப்பாடு போட்டாள். ஆறு நாளாக மூடித்தான் வைத்தாள்.

ஆகஸ்ட் 2, சனி

சந்தைக் கிரவுண்டில் வளாகம் இல்லையாம். ஆனால் காஞ்சிரங்குளம் பக்கம் இடம் பார்க்கிறார்களாம். மாமி நேற்றே மனுவோடு பஸ் ஏறிவிட்டார்.

எனக்கு உதியன்குளங்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. ரேஷன் கார்டு, பென்ஷன் என்று வருகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன். இங்கே பெயரை முன்பக்கத்தில் எழுதுகிறார்கள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அப்பா நேற்று டிக்கெட் வாங்கினார். ஒன்று. கடையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, அதன்மேல் சூடான சாயா டம்ளரை வைத்தாள். ஓணம் பம்பர் வாங்குவாரா? தெரியாது. கேட்கவும் இல்லை.

இன்று கடையில் கடைசியாக ஒரு விண்ணப்பம் நிரப்பினேன், எனக்கு. பத்தாம் வகுப்புத் துல்யதா, பள்ளியை விட்டவர்கள் எழுதுகிற சமத் தேர்வு; தமிழ் வழி, ஞாயிறு வகுப்பு. பதினேழு வயது போதும். மற்றதெல்லாம் நிறுத்தி நிறுத்தி எழுதினேன். தகப்பனார் பெயர் என்ற கட்டம் வந்ததும் கை தானாக ஓடிவிட்டது. முந்நூறு தடவைக்கு மேல் எழுதின பெயர். ஒரு எழுத்தும் கோணவில்லை.