வெள்ளிக்கிழமை ப்ரியாவை அழைத்துப் போங்கள்

முத்தாரம்மன் துணை

தி.நகர்
8.7.2024

அன்புள்ள மதினி பேச்சியம்மாளுக்கு உங்கள் சம்பந்தி உலகம்மாள் எழுதுவது.

இன்று டாக்டர் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மகன் ராம்குமார், டாக்டர் அதீபா, ஸ்கேன் படங்களை மாட்டிக் காட்டிய நர்ஸ் பாஞ்சாலி. யாருக்காகப் போனோமோ அந்த ப்ரியா இல்லை; உங்கள் வீட்டில் இருக்கிறாள். பெற்றவள் நீங்களும் இல்லை. என் போனை நீங்கள் எடுப்பதில்லை. அதனால் டாக்டர் சொன்னதை எழுதி ராம்குமாரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

என் மருமகளின் ஈரலிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாய்கள் உறைந்து அடைத்துவிட்டன. போக வழியில்லாமல் ரத்தம் தேங்கித்தான் வயிறு தண்ணீர் கோத்து ஊதுகிறது. எடுக்க எடுக்க ஊறும். கழுத்து வழியாக மெல்லிய குழாயை விட்டு, ஈரலுக்குள்ளேயே புது வழி திறந்து, அது மூடாமலிருக்கக் கம்பிவலைக் குழாய் ஒன்று வைப்பார்களாம். ஷண்ட் என்கிறார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை.

"தொண்டைக்குக் கீழ உணவுக்குழாய்ல ரத்தக்குழாய் எல்லாம் வீங்கிக் கிடக்கும்மா. வெடிச்சா ரத்த வாந்தி. அப்ப தூக்கிட்டு ஓடி வராதீங்க, இப்பவே கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். ப்ரியாவோ, அம்மா சொன்னால்தான் வருவேன் என்கிறாளாம்.

நீங்கள் காய்ச்சிக் கொடுக்கிற கஷாயம் போதும் மதினி. சொல்லுங்கள் அவளிடம்.

உலகம்மாள்


சைதாப்பேட்டை
9.7.2024

மதினிக்கு,

லெட்டர் படிச்சேன். உங்க வீட்டு அம்மன் கோயில் கொடைக்குப் பால்குடம் எடுக்கணும், தீட்டு வந்துடக்கூடாதுன்னு தள்ளிப்போடுற மாத்திரை வாங்கிக் கொடுத்தது யாரு? கொடைக்கு மட்டுமா? கிரகப்பிரவேசத்துக்கு ஒரு தடவை, வருஷ பூஜைக்கு ஒரு தடவை. தலை வலிக்குதுன்னு சொன்ன பிள்ளைகிட்ட "ரெண்டு நாள் பொறுத்துக்கம்மா, அம்மன் பார்த்துக்குவா"ன்னீங்களாமே. நல்லாப் பார்த்துட்டா.

ஷண்ட் வச்ச பிறகு புத்தி தடுமாறலாம்னு டாக்டர் சொன்னாங்களாமே? மாப்பிள்ளை வாய் தவறிச் சொல்லிட்டார். அதை மட்டும் ஏன் எழுதலை? என் பிள்ளை என்னையே யாருன்னு கேட்டா நான் எங்க போய் முட்டிக்கிறது? நானே பார்த்துக்கிறேன். உங்க வீட்டுக்கு இனி அவளை அனுப்புறதா இல்லை.

பேச்சியம்மாள்


தி.நகர்
10.7.2024

அன்புள்ள மதினிக்கு,

மாத்திரை வாங்கிக் கொடுத்தது நான்தான். டாக்டரிடமும் சொன்னேன். ரத்தம் சுலபத்தில் உறைகிற உடம்பாம் ப்ரியாவுக்கு; மாத்திரையும் அதோடு சேர்ந்து அடைப்பை உண்டாக்கியிருக்கலாம் என்றார். அந்த 'லாம்'ஐப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கவில்லை.

புத்தி தடுமாறுவதை எழுதாதது, நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்றுதான். சிலருக்கு வருமாம், மருந்தில் தெளியுமாம். ரத்த வாந்தி அந்த அவகாசம் கொடுக்காது மதினி. பூஜை அறையில் உட்கார்ந்தால் சுலோகம் வரவில்லை. அவள் வயிறுதான் கண்ணுக்குள் வருகிறது.

என் வீட்டுக்கு அவளை அனுப்ப வேண்டாம். ராம்குமாரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவன் அப்பா போன பிறகு எனக்கென்று இருக்கிறவன் அவன் ஒருத்தன்தான். வீட்டோடு மாப்பிள்ளை என்று நம் ஆட்கள் சிரித்தால் சிரிக்கட்டும். அவன் துணிகளையெல்லாம் மடித்துப் பெட்டியில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் தங்குவதற்கு என்றுதான் அவனிடம் சொல்லியிருக்கிறேன். மற்றதை நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிப் பக்கம் நான் தலைகாட்ட மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ப்ரியாவை அழைத்துப் போவீர்களா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உலகம்மாள்