தோற்கிறவன் கேட்கக் கூடாது

இன்று காலை, பால் விடாத பிளேன்ரீ ஆறுவதற்குள், என் போனில், செஸ் பலகைக்கு மேல், உன் பெயர் வந்தது. பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. நீ இணையத்தில் இருக்கிறாயாம். உன்னை மண்ணுக்குள் வைத்து இன்றோடு ஏழு கிழமை. கீழே ஒரே ஒரு வரி: உங்கள் எதிராளி சமநிலைக்கு உடன்படவில்லை.

உன் போன் இப்போது யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உன் மனைவிதான் அந்த 'வேண்டாம்' பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். ஏன் அழுத்தினார் என்பதுதான் தெரியவில்லை. அவர் என்னை மன்னிக்கவில்லை என்று நினைத்தேன். மன்னிக்காமல் விடுவதற்கு அவருக்குக் காரணமும் இருந்தது. நடந்தது உனக்குத் தெரியும்தான், ஆனால் என் பக்கத்தை நான் உனக்குச் சொன்னதே இல்லை.

நான் எப்படிப்பட்டவன் என்பதை நீ முதல் நாளே பார்த்துவிட்டாய். ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில் நனைந்த பால்மா மூடைகளின் சேதத்தை மதிப்பிடக் காப்புறுதிக்காரரின் ஆளாக நான் வந்திருந்தேன். நீ துறைமுகத்து எழுதுவினைஞன், கையில் பட்டியலோடு நின்றாய். "எப்ப நனைஞ்சது?" என்று கேட்டேன். "மழை பெய்யேக்க" என்றாய். அதையும் நம்பாமல், அந்தக் கிழமை மழை பெய்ததா என்று விசாரித்து எழுதினேன். நீ அதைக் கேள்விப்பட்டு, அடுத்த முறை என்னைக் கண்டதும் வானத்தைக் காட்டி, "வெயில் அடிக்குது மச்சான், எழுதிக்கொள்" என்றாய். அப்படித்தான் நாம் சிநேகிதரானோம்.

முப்பது வருடம் மோதிய வாகனங்களையும் நனைந்த பெட்டிகளையும் பார்த்துப் பார்த்து, சும்மா சொல்லப்படும் எதையும் நம்ப முடியாத ஆளாகிவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகு நீ கொட்டாஞ்சேனையில், நான் வெள்ளவத்தையில். நடுவில் இருக்கிற பஸ் பயணத்துக்கு உன் முழங்காலும் சம்மதிக்கவில்லை, என் இடுப்பும் சம்மதிக்கவில்லை. போனில் செஸ் விளையாடலாம் என்று நீதான் சொன்னாய். ஒரு காய் நகர்த்த மூன்று நாள் அவகாசம். மூன்று நாளுக்குள் நகர்த்தாவிட்டால் தோல்வி.

சமநிலை கேட்பதற்கு நீ ஒரு ஒழுங்கு வைத்திருந்தாய். கண்டவர்கள் எல்லாம் நாலாம் காய் நகர்த்தலிலேயே பொத்தானை அழுத்தி அழுத்தி உயிரை வாங்குகிறார்கள் என்று உனக்கு எரிச்சல். "முதல்ல உன்ர காயை நகர்த்து, பிறகு கேள். மற்றவன் யோசிக்கேக்க கேக்காத. கேக்கிறதெண்டா ஒருக்காத்தான். தோக்கிறவன் கேக்கவே கூடாது, அது பிச்சை." பொத்தானை மட்டும் அழுத்துவதும் உனக்கு மரியாதையாகப் படவில்லை. எதிரில் இருந்து விளையாடினால் சமநிலைக்குக் கை கொடுப்போம், போனில் கை எங்கே இருக்கிறது? ஆகவே முதலில் கீழேயுள்ள பெட்டியில் "கை குடுப்பமா?" என்று தமிழில் எழுதிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவாய். நானும் அப்படியே பழகினேன்.

நம் கடைசி ஆட்டத்துக்கு முன்னர் நீ போன் எடுத்து, "வலக்கை கொஞ்சம் மரத்துக் கிடக்கு மச்சான்" என்றாய். எனக்கு உடனே பொறி தட்டியது. வாகனம் மோதுவதற்கு முதல் நாளே பிரேக் சரியில்லை என்று நாலு பேரிடம் சொல்லிவைக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். தோற்றால் சொல்வதற்குச் சாட்டுத் தேடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். "நான் வாறன், பாக்கிறன்" என்றேன். "வீடு பெயின்ற் அடிக்கிறாங்கள், பிறகு வா" என்றாய். வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த மழையில் கொட்டாஞ்சேனையில் எவன் பெயின்ற் அடிக்கிறான்? இவன் எதையோ மறைக்கிறான் என்று அன்றே முடிவு கட்டினேன். அதுமட்டும் சரியாகத்தான் இருந்தது.

பிறகு உன் ஆட்டத்தைக் கவனித்தேன். முன்பெல்லாம் மூன்று நாளில் இரண்டரை நாளை எடுத்துக்கொள்கிறவன், இப்போது காலையில் ஒன்று, பத்தே நிமிடத்தில் இன்னொன்று என்று நகர்த்தினாய். பெட்டியில் வம்பு எழுதுவதை நிறுத்திவிட்டாய். எல்லாக் காயும் சரியாக விழுந்தது. இருபதாவது நகர்த்தலில் என் யானை ஒன்று போய்விட்டது. கணினியிடம் கேட்டு விளையாடுகிறான் என்று எண்ணம் விழுந்தது. விழுந்த எண்ணம் போகவில்லை. உன் நகர்த்தல்களை நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வைத்தேன். வேலை விட்டாலும் பழக்கம் விடவில்லை.

அந்த நேரத்தில்தான் நீ சமநிலை கேட்டாய். ஒரு யானை கூடுதலாக வைத்திருக்கிறவன், இன்னும் நாலு நகர்த்தலில் வெல்லப்போகிறவன், என்னிடம் கை கொடுப்போமா என்று கேட்கிறான். அதுவும் ஆங்கில எழுத்தில். தமிழில் எழுதாவிட்டால் என்னைத் திட்டுகிறவன் நீ. இரண்டு நாள் பலகையை உற்றுப் பார்த்தேன். எனக்குத் தெரியாத வெற்றி ஏதும் என் பக்கம் இருக்கிறதோ, அதைக் கண்டுவிட்டுத் தப்பப் பார்க்கிறாயோ என்று தேடினேன். ஒன்றும் இல்லை. அப்படியென்றால் எனக்கு இரக்கம் காட்டுகிறாய். அது எனக்கு இன்னும் கசந்தது. 'வேண்டாம்' என்று அழுத்தினேன், ஒரு சிப்பாயைத் தள்ளினேன், கீழே எழுதினேன்: "யாரைக் கேட்டு விளையாடுறாய்?"

நீ பதில் எழுதவில்லை. நகர்த்தவும் இல்லை. மூன்று நாள் முடிந்தது, நான் வென்றதாகத் திரை சொன்னது. பிடிபட்டதும் எழும்பிப் போய்விட்டான் என்று, வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் திருப்தியாக இருந்தது. நீ முதலில் போன் எடுக்கட்டும் என்று ஒரு கிழமை வீம்பாக இருந்தேன். எட்டாம் நாள் உன் எண்ணில் இருந்து அழைப்பு வந்தது. உன் மனைவி பேசினார்.

செத்த வீட்டிலும் நான் முதலில் பார்த்தது சுவரைத்தான். பழைய பச்சைப் பெயின்ற், சன்னலுக்குக் கீழே உரிந்தபடி. உன் வலக்கை இடக்கைக்கு மேல் செபமாலையோடு கிடந்தது. விரல்கள் மெலிந்து வேறு யாருடையதோ போல இருந்தன.

எல்லோரும் போன பிறகு வேறொரு நாள் வந்தேன். உன் மனைவி கோப்பி தந்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, நான் கேட்காமலே சொன்னார். "கை முழுசா விழுந்திட்டுது அண்ணன். உங்களுக்குச் சொல்லக் கூடாதாம். பாவம் பாத்து விளையாடுவீங்களாம். அவர் சொல்லுவார், நான் போனில அமத்துவன். நான் சமைக்கப் போனா அவர் காத்துக்கொண்டிருக்கோணும், அதால நான் நிக்கிற நேரத்தில கெதியா, சட்டுச் சட்டெண்டு சொல்லிப்போடுவார். எனக்குப் போனில தமிழ் அடிக்கத் தெரியாது."

நான் எழுதி வைத்த தாள் அப்போதும் என் சட்டைப் பையில் இருந்தது. "ஏன் தங்கச்சி ட்ரோ கேட்டவன்? வெல்லுற ஆட்டம் எல்லோ?"

"வெண்டா நீங்க உடன அடுத்த ஆட்டம் கேப்பீங்களாம். டாக்டர் கையை விரிச்சிட்டார், அதை முடிக்க அவருக்கு நாள் இல்லையாம். 'பாதியில விட்டிட்டுப் போனா அவன் அதையும் சந்தேகப்படுவான்' எண்டு சிரிச்சவர்."

என் கேள்வியையும் உனக்கு வாசித்துக் காட்டினாராம். அதற்கும் சிரித்தாயாம். "என்ர மனிசியைக் கேட்டு விளையாடுறன் எண்டு எழுது" என்றாயாம். அவர் நாளைக்கு எழுதலாம் என்று விட்டிருக்கிறார். அடுத்த நாள் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கேட்டால் ஒருமுறைதான் என்ற உன் ஒழுங்கால் நீ என்னிடம் மறுபடி கேட்கவும் இல்லை. நான் அந்தக் கோப்பியைக் குடிக்காமலே எழும்பி வந்தேன்.

அந்த வெற்றியை அழிக்கப் பார்த்தேன். போனில் அதற்குப் பொத்தான் இல்லை. பழைய நிலையில் காய்களை அடுக்கிப் புது ஆட்டம் தொடங்கலாம் என்று கண்டுபிடித்தேன். நேற்று முன்தினம் அதே மாதிரி அடுக்கி உன் பெயருக்கு அனுப்பினேன். அந்தப் பக்கம் ஏற்றுக்கொண்டது. அதே சிப்பாயைத் தள்ளினேன், தமிழில் "கை குடுப்பமா?" என்று எழுதினேன், பொத்தானை அழுத்தினேன். உன் மனைவிக்குப் போன் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று காலை அதற்குத்தான் 'வேண்டாம்' வந்தது. நான் திகைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உன் யானை நகர்ந்தது. என் ராசாவுக்கு முன் வரிசையில் வந்து இறங்கியது. இனி நான் எதை நகர்த்தினாலும் அடுத்தது இறுதி முற்றுகை. செஸ் தெரியாத ஒரு பெண் எப்படி அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்தார்? யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள். என் விரல் தானாகவே எழுதத் தொடங்கிவிட்டது: "யாரைக் கேட்டு". அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு கூசியது. எழுத்து எழுத்தாக அழித்தேன். பிறகு போன் எடுத்தேன்.

"கோவமா தங்கச்சி?"

"ஐயோ, இல்ல அண்ணன். தோக்கிறவன் ட்ரோ கேக்கக் கூடாது எண்டு அவர் எத்தின தரம் சொல்லியிருப்பார். நீங்க தோக்கிற பக்கம் எல்லோ? அதான் குடுக்கேல்ல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. உன் ஒழுங்கை மீறியவன் நான்தான்.

"அப்ப அந்த யானை?"

"அது அவரின்ர காய். நீங்க சிப்பாயைத் தள்ளின அண்டைக்கே சொல்லிப்போட்டார். அதையும் நாளைக்கு அமத்துவம் எண்டு விட்டிட்டன். மறந்திடுவன் எண்டு காலண்டர்ல கட்டத்தை எழுதி வச்சனான், இப்பவும் கிடக்கு. நான் அண்டைக்கே அமத்தியிருந்தா அவர் தோத்திருக்க மாட்டார் அண்ணன். அதுதான் எனக்குப் பொறுக்கேல்லாமக் கிடந்தது. வேணுமெண்டா வந்து பாருங்கோ."

இத்தனை நாளும் அவருக்கு நெஞ்சில் கிடந்தது அது. எனக்கு என்னுடையது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்துகொண்டு ஆளுக்கு ஆள் பயந்திருக்கிறோம்.

இனிமேலும் யாராவது சமநிலை கேட்டால் எனக்குச் சந்தேகம் வரத்தான் போகிறது. இந்த வயதில் குணம் மாறாது. ஆனால் அந்தப் பொத்தானை யாருடைய கை அழுத்துகிறதோ என்ற நினைவும் கூடவே வரும். அதை நீதான் எனக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

கண்ணால் பார்க்காத எதற்கும் நான் இதுவரை கையெழுத்து வைத்ததில்லை. காலண்டரைப் பார்க்க வருகிறேன் என்று உன் மனைவியிடம் சொல்லவில்லை. பார்க்காமலே, தோல்வியை ஒப்புக்கொள்ளும் வெள்ளைக் கொடிப் பொத்தானை அழுத்தினேன். நீ வென்றாய் மச்சான்.