சுற்றளவு மட்டும் சரியாக இருந்தது

நேற்று சாத்தூர் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவள். சேலைக்கு மேலே புதிதாகத் தைத்த காடாத்துணிக் கோட்டு. கஞ்சி வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு உன் நினைப்பு வந்தது. இறங்கும்போது அவள் திரும்பினாள். மார்புக்கு மேலே இரண்டு துண்டுகள் சேரும் தையலைப் பார்த்தேன். ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராக ஓடியது. பட்டன்கள் ஒன்றுகூடப் போடப்படவில்லை.

நீ செத்து ஒரு வருடம் ஆகிறது. நீ கெடுத்த வடிவத்தை வைத்து இன்னும் எவனோ துணி வெட்டிக்கொண்டிருக்கிறான்.

பேருந்து நிலையச் சுவரில் உன் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிச் சுவரொட்டி ஒட்டியிருந்தது. உழைக்கும் பெண்களுக்கு உடை தந்தவர் என்று போட்டிருந்தார்கள். அதைக் கிழித்திருப்பேன். பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள்.

திருப்பூரில் நான் நன்றாகத்தான் இருந்தேன். ஏற்றுமதிக் கம்பெனி, கம்ப்யூட்டரில் ஆடைகளுக்கு அளவு வடிவம் போடும் வேலை. கணக்கில் எம்.எஸ்ஸி. படித்தது அங்கேதான் உருப்படியாகப் பயன்பட்டது. கல்லூரிக் காலத்திலிருந்தே உனக்கு எதையும் பேசியே முடிக்கத் தெரியும். ஒரு தீபாவளிக்கு ஊருக்கு வந்தவனைப் பிடித்துக்கொண்டாய். "நம்ம பக்கம் நைட்டி கம்பெனி அம்புட்டு இருக்கு மாப்ள. எல்லாவனும் இன்னும் அட்டையில வரைஞ்சு வெட்டிக்கிட்டு இருக்கான். நீ வந்தா போதும், மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்றாய். நான் வேலையை விட்டு வந்தேன். நீ உங்கள் வீட்டுப் பருத்திக்காட்டை விற்றாய். விருதுநகரில் மிளகாய் வற்றல் அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில் கம்ப்யூட்டரையும் பெரிய தாளில் வரையும் இயந்திரத்தையும் வைத்தோம். கீழே மிளகாய் மூட்டை இறக்கும் நாட்களில் வாடிக்கையாளர் பேசுவதைவிடத் தும்முவதுதான் அதிகமாக இருக்கும். நீ அதற்கும் ஒரு கேலி வைத்திருப்பாய். சிரித்துக்கொண்டே ஆர்டர் வாங்கிவிடுவாய். அந்தத் திறமை உனக்கு இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்யாகும்.

அப்படித்தான் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலை ஆர்டரும் வந்தது. நைலான் சேலை உரசினாலே பொறி கிளம்பும், மருந்துக்குப் பக்கத்தில் அது ஆகாது. ஆகவே பெண்கள் எல்லோருக்கும் கழுத்திலிருந்து முழங்கால் வரை பட்டன் போட்ட பருத்திக் கோட்டு வேண்டும். பை இருக்கக் கூடாது, வெளியே மடிப்பு இருக்கக் கூடாது, மருந்துத்தூள் தங்கிவிடும். அளவெடுக்க நாம் இருவரும் போனோம். அந்தப் பெண்கள் அதுவரை புருஷனின் பழைய சட்டையைத்தான் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருத்தியும் பட்டன் போட்டிருக்கவில்லை.

சரவெடி பின்னும் அறையில் மூத்தவள் பேச்சியம்மாள். நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். ஏன் பட்டன் போடவில்லை என்று நான் கேட்டேன். அவள் சட்டையைப் பூட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வெடிகளை எட்டி எடுப்பதுபோலக் கைகளை முன்னே நீட்டினாள். நெஞ்சில் இரண்டு பட்டன்களுக்கு நடுவே துணி வாயைப் பிளந்தது. "மூச்சு விடணும்லா அண்ணாச்சி" என்றாள். அறை முழுக்கச் சிரிப்பு. நீயும் சிரித்தாய்.

துணி தட்டையானது, பெண்ணின் மார்பு தட்டையானதல்ல. இவ்வளவுதான் விஷயம். இதற்காகத்தான் தையல்காரர்கள் ரவிக்கையில் முக்கோணமாக ஒரு மடிப்பைப் பிடித்துத் தைக்கிறார்கள், டாட் என்பார்கள். பிடித்த இடத்தில் துணி குழிந்து உடம்புக்கு இடம் கொடுக்கும். அந்தக் கோட்டில் மடிப்பு கூடாது, இடமோ வேண்டும். திரையில் டாட்டின் முனையை அச்சாக வைத்துத் துண்டைச் சுழற்றலாம். இங்கே மூடினால் அங்கே திறக்கும். எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம், அந்தக் கோணத்தை மட்டும் ஒழிக்க முடியாது. நான் அதைப் பக்கவாட்டிலிருந்து கிளப்பி, மார்புக்கு மேலே இரண்டு துண்டுகள் சேரும் தையலுக்குள் கொண்டுபோய் மறைத்தேன். கீழ்த்துண்டின் விளிம்பு வளைந்தது. அந்த வளைவை மேல்துண்டோடு சேர்த்துத் தைத்தால் மடிப்பே தெரியாது, மார்புக்கு இடம் கிடைத்துவிடும். எத்தனை தாள் வீணானது என்று நீ முணுமுணுத்தாய். மாதிரிக் கோட்டைப் பேச்சியம்மாள் போட்டு, எல்லாப் பட்டனையும் பூட்டி, குனிந்தாள், எட்டினாள், கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். ஒரு பட்டனும் இழுக்கவில்லை. இதைப் போட்டுக்கொண்டு இருக்கன்குடி கோயிலுக்கே போகலாம் என்றாள். நான் செய்த எதையும் அதற்கு முன்னும் பின்னும் யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

அம்மாவின் கண் அறுவைக்காக நான் மதுரையில் இருந்த நாட்களில் நீ அதில் கை வைத்தாய். வளைவை நேர்த்துணியோடு சேர்த்துத் தைக்க நேரம் பிடிக்கிறது, சீசன் நெருங்குகிறது என்று தையல் ஆட்கள் புலம்பியிருக்கிறார்கள். எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். மவுஸ் பிடிக்க நான்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். நீ டாட்டை நகர்த்தவில்லை, அழித்தாய். வளைவை நேர்கோடாக்கினாய். குறைந்த அகலத்தைப் பக்கவாட்டில் கூட்டிவிட்டு, டேப் வைத்து அளந்து, திருப்தியாக வெட்டக் கொடுத்துவிட்டாய்.

நான் திரும்பி வந்து அடுத்த நைட்டி வேலையில் மூழ்கிவிட்டேன். கோட்டுகள் ஆலைக்குப் போய்விட்டன என்று மட்டும் சொன்னாய். அடுத்த வாரம் பேச்சியம்மாள் கிட்டங்கிப் படியேறி வந்தாள். நீ வெளியே போயிருந்தாய். அவள் உட்காரவில்லை. பட்டன் போடாதவளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி நிர்வாகம் உத்தரவு போட்டிருந்தது. மற்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு சமாளித்தார்கள். இவளுடைய பட்டன் தெறித்து வெடிக் குவியலுக்குள் விழுந்தது. போர்மேன் திட்டினார். தப்பு கோட்டில்தான் என்று இவள் எதிர்த்துப் பேசினாள். மேனேஜர் அவளை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டே உனக்குப் போன் போட்டார். அதன் பிறகு அவளுக்கு அங்கே வேலை இல்லை.

நீ போனில் சொன்ன பதிலை மேனேஜர் அவளிடம் அப்படியே ஒப்பித்திருக்கிறார். அவள் என்னிடம் சொன்னாள். "கம்ப்யூட்டர்ல போட்டது நீங்கதானாம். கோட்டு சரியாத்தான் இருக்காம். என் ஒடம்புதான் அளவுல இல்லையாம்."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அவள் போனதும் கோட்டின் வடிவத்தைத் திரையில் திறந்தேன், வளைவு இருந்த இடத்தில் நேர்கோடு இருந்தது.

நீ வந்ததும் கேட்டேன். டேப்பை எடுத்து மேஜையில் போட்டாய். "சுத்தளவை அளந்து பாருலே. நீ போட்டதும் நான் போட்டதும் ஒண்ணுதான்."

சுற்றளவு ஒன்றாக இருந்தாலும் இடம் ஒன்றாகாது என்று விளக்கினேன். நீ கேட்கவில்லை.

"புருசன் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்தவளுகதான? அதுல டாட் இருந்துச்சா?"

"அதனாலதான அவுக பட்டனே போடல."

நீ டீ குடிக்கப் போய்விட்டாய். திரும்பி வந்து வேறு ஆர்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். மேனேஜரிடம் நானே போனேன். ஆர்டர் முடிந்துவிட்டது, அடுத்த சீசனுக்குப் பார்க்கலாம் என்றார். அந்த அம்மாவைத் திரும்ப எடுங்கள் என்றேன். வாயாடி வேண்டாம் என்றார். அந்த மாதமே நான் கிட்டங்கியை விட்டு இறங்கினேன். எம்.எஸ்ஸி.க்காரன் போட்ட கோட்டுக்குப் பட்டன் நிற்காது என்று சிவகாசி முழுக்கக் கேலி பேசினார்கள். நீ அதை ஒரு தடவைகூட மறுக்கவில்லை. கம்பெனியை மட்டும் வளர்த்தாய்.

இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் இதையே பாடமாக நடத்துகிறேன். டாட்டைச் சுழற்றிக் காட்டுவேன், பிரித்துக் காட்டுவேன். அழிக்கும் கட்டளை திரையில் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்வதில்லை. அவர்களே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள்.

மதுரை ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது வந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கல்லூரி விடுதியைப் பற்றி, நாம் ஏமாற்றிய வார்டனைப் பற்றிப் பேசினாய். நான் ஒரே ஒரு பெயருக்காகக் காத்திருந்தேன். கிளம்பும்போது நீயாகவே சொன்னாய்: "பழசையெல்லாம் மறந்துரு மாப்ள." முடியாது என்றேன். உன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாகப்போகிறவனிடம் அப்படிச் சொல்லலாமா என்று உறவுக்காரர்கள் இன்னும் என்னைப் பேசுகிறார்கள். பேசட்டும். மறக்கச் சொல்லும் உரிமை உனக்கு இல்லை, எனக்குமில்லை. அது பேச்சியம்மாளுடையது.

நீ அறியாதது ஒன்று உண்டு. உன்னை விட்டு விலகிய பிறகு, பழைய மாதிரியை வைத்து என் கையாலேயே ஒரு கோட்டு வெட்டித் தைத்து, ஆனைக்குட்டம் பக்கம் அவள் ஊருக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். கையில் பசை. துடைத்துவிட்டு வாங்கிப் போட்டாள். ஒவ்வொரு பட்டனாகப் பூட்டி, கைகளை முன்னே நீட்டினாள், மேலே தூக்கினாள். துணி அசையவில்லை. பிறகு கழற்றி, தையல் மேல் தையல் வரும்படி மடித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. இதப் போட்டுக்கிட்டு எங்கன போகச் சொல்லுதீக?"

அந்தக் கோட்டு என் அலமாரியில் இருக்கிறது. யாருக்காவது கொடுத்துவிடலாமே என்று என் மனைவி கேட்பாள். கொடுக்க முடியாது. அது பேச்சியம்மாளின் உடம்புக்கு வெட்டியது. வேறு யாருக்கும் பொருந்தாது.