தண்ணீர் விட்ட தரை

அன்பு மனைவிக்கு,

நீயும் அத்தையும் நலமா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? முட்டிவலி தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

கேட்டால் சிரிப்பாய். இங்கே தரையைக் கூழாகக் கரைத்துக் குழாய் வழியே ஊற்றுகிறார்கள். அது தானே சமமாகிவிடும். டைல்ஸ் ஒட்டுமுன் ஆறு வாரம் காய வேண்டும். நாலாம் நாள் காலையில் தரை வெளிறிக் கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. வெடித்துவிடுமே என்று நாலு வாளி தண்ணீர் விட்டேன். நீ சித்தாளாக வந்த நாளிலிருந்து நாம் அப்படித்தானே செய்தோம்? ஆனால் இது சிமெண்ட் இல்லை, ஜிப்சம். நனைந்தால் பொடிந்துவிடுமாம்.

மதியம் ஈரம் பார்க்கும் கருவியை வைத்ததும் மேஸ்திரி கத்தினார். "ராத்திரி ஜன்னலைத் தெறந்து போட்டு மழையை உள்ள விட்டது யாரு?"

ஜன்னல் பொறுப்பு என் அறைத் தோழனுடையது. "சாத்திட்டுத்தாண்ணே போனேன்," என்றான். யாரும் நம்பவில்லை. நாளை அவனை ஊருக்கு அனுப்புகிறார்கள். நான் வாயில் கொழுக்கட்டை வைத்தவன் போல நின்றேன்.

முட்டியில் கட்ட உன் பழைய பருத்திப் புடவையில் இரண்டு முழம் கிழித்து அனுப்பு. துவைக்காவிட்டாலும் சரி.

எதிரே அவன் பெட்டி கட்டுகிறான். "தங்கச்சியை விசாரிச்சேன்னு எழுதுடா," என்கிறான். எழுதிவிட்டேன். இனி இங்கே உட்கார முடியாது, மேஸ்திரியிடம் போகிறேன். அவன் பெட்டியைப் பிரித்தால் நான் என் பெட்டியைக் கட்ட வேண்டிவரும்.

புடவையை உடனே கிழித்துவிடாதே. நாலு நாள் பொறு.

அவசரத்தில்,
உன் வீட்டுக்காரன்